செயினுக்குள் போன வேட்டி

நாற்பத்தைந்து வயதில் நான் மோட்டார் சைக்கிள் வாங்கியதும் தெருவே கூடிப் புத்தி சொன்னது. "கிளட்ச மெதுவா விடும் வே." "ஹாரன அடிச்சுக்கிட்டே போம் வே." என் வேட்டியைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

திருவேங்கடம் சாலையில் கரிசல் காடு இருபுறமும் பின்னால் ஓட, முதன்முதலாகப் பயம் விலகியது. "இப்பந்தான் அத்தான் ஒழுங்கா ஓட்டுதீக" என்றான் பின்சீட்டிலிருந்த மச்சினன்.

அந்த நேரம் பார்த்து, காற்றில் பறந்த வேட்டி நுனி செயினுக்குள் போனது. வண்டி என் இடுப்பைப் பிடித்து இழுத்து, நடுரோட்டுக்குச் சாய்ந்தது. எதிரே டவுன் பஸ். பழைய வேட்டி என்பதால் கிழிந்து என்னை விட்டது. பஸ் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

டிரைவர் தலையை நீட்டி, "அண்ணாச்சி, துணிய உடுத்திக்கிட்டு ரோட்டுக்கு வாரும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. அண்டர்வேரோடு நின்ற நான், செயினில் சிக்கிய துணியை உருவி இடுப்பில் சுற்றிக்கொண்டேன்.

இப்போது பேண்ட் போட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். கோயிலுக்கு என்றாலும் வேட்டி பையில் வரும். வண்டியை நிறுத்திய பிறகே கட்டுவேன். "ஆபீசர் ஆயிட்டீரா வே?" என்கிறது தெரு. மச்சினனோ இன்னும் வேட்டியோடுதான் பின்சீட்டில் ஏற வருகிறான். பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.