மூடுபனியில் மைக் பிடித்த மதியம்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், டிசம்பர் கடைசி வாரத்தில் நடந்தது இது. இடம், காலிம்போங் பக்கம் ஒரு சின்ன மலைக் கிராமம். ஜீப் போகிற பாதை முடிந்த பிறகும் கொஞ்ச தூரம் மூச்சு வாங்க ஏறினால்தான் ஊர் கண்ணில் படும்.

நாங்கள் கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் குடியிருக்கிறோம். கணவருக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. நான் பிறந்து வளர்ந்தது கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்பதால் வங்காளி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடுத்த ஃப்ளாட்டில் ஒரு வங்காள அம்மாள் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவரைப் பௌதி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி என்று அர்த்தம்.

பௌதிக்கு வீட்டில் உட்காரவே பிடிக்காது. எங்கள் பேட்டையிலிருந்து ஒரு சின்னக் குழு வருடா வருடம் அந்த மலைக் கிராமத்துக்குப் போகும். ஊர்க்காரர்கள் அவர்களாகவே நடத்துகிற குளிர்காலத் திருவிழா அது. காய்கறிக் கண்காட்சி, கண் பரிசோதனை முகாம், பாட்டு, பந்தயம் எல்லாம் உண்டு. இந்தக் குழு போய்க் கூடமாட ஒத்தாசை செய்யும். அந்த வருடம் பௌதி என்னைக் கேட்காமலேயே என் பெயரையும் கொடுத்துவிட்டார். "ஸ்வெட்டர் எடுத்து வை. உன் வீட்டுக்காரர் நாலு நாள் தானே சமைச்சுக்கட்டும்" என்றார். அவ்வளவுதான், கிளம்பிவிட்டேன்.

சியால்டாவில் ராத்திரி ரயில் ஏறும்போதே பௌதி மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டார். கொல்கத்தாவில் அன்றைக்குப் பேருக்குக்கூடக் குளிர் இல்லை.

கிராமத்தில் எனக்குக் கொடுத்த வேலை தேநீர்க் கூடாரம். மற்றவர்கள் கண் முகாமில் பெரியவர்களுக்குக் கைகொடுத்தார்கள், குழந்தைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அடுப்பும் பாத்திரமும் போதும். யார் முன்னாலும் நின்று பேச வேண்டியதில்லை. மைக் என்றால் எனக்கு அப்படி ஒரு பயம். கணவரின் அலுவலகத்தில் பிரிவு உபசார விழா வந்தால்கூட, பேசச் சொல்லிவிடுவார்களோ என்று கடைசி வரிசைக்குப் போய்விடுகிற ஆள் நான்.

காய்கறிக் கண்காட்சியில் சௌசௌவைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். வேலி, கூரை என்று எங்கு பார்த்தாலும் அந்தக் கொடிதான். நாங்கள் இதைக் கூட்டு செய்வோம் என்று சொன்னதும், மலைப் பெண்கள் என் கையில் இரண்டு மூன்றைத் திணித்தார்கள்.

இரண்டாம் நாள் பெண்களுக்கான கூடைப் பந்தயம். மூங்கில் கூடையை நெற்றிப் பட்டையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு, அதில் சௌசௌவை நிரப்பி, மலை முகட்டில் இருக்கிற சின்னக் கோயில் வரை நடந்துபோய்த் திரும்ப வேண்டும். கோயிலருகே ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் காலையிலிருந்தே காத்திருந்தார். அங்கே வருகிறவர்களுக்கு அவர் ரிப்பன் கட்டி அனுப்புவார். காய் ஒன்றுகூடக் குறையாமல் திரும்பி வந்தால்தான் கணக்கில் சேரும்.

இது ஊர்ப் பெண்களுக்கான பந்தயம். ஆனால் பௌதி விடுவாரா? "நானும் வரேன்" என்று முன்னால் போய் நின்றுவிட்டார். அவரைப் பார்த்து எங்கள் குழுவில் வந்திருந்த இரண்டு கல்லூரிப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஊர்ப் பெண்கள் கைதட்டி, விருந்தாளிகளுக்கு என்று கால் கூடைதான் நிரப்பினார்கள். மங்கி குல்லாவுக்கு மேல் நெற்றிப் பட்டையை மாட்டிக்கொண்டு பௌதி கிளம்பியதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. நானும்தான் சிரித்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கீழேயிருந்து பனி ஏறியது. முதலில் பள்ளத்தாக்கு மறைந்தது. அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் மைதானத்தின் கோல் கம்பம். தேநீர் ஊற்றி நிமிர்ந்தால், எதிரே டம்ளரை நீட்டியவர் முகமே மங்கலாகத் தெரிந்தது.

ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராகப் பனிக்குள்ளிருந்து பேசிக்கொண்டே வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு அது தினம் நடக்கிற பாதை. கடைசி ஊர்க்காரியும் வந்தாயிற்று. எங்கள் மூன்று பேரை மட்டும் காணோம்.

திருவிழாவை முன்னின்று நடத்தியவரை எல்லாரும் தாஜு என்று கூப்பிடுவார்கள். நேபாளியில் அண்ணன். எப்போதும் சிரித்த முகமாக இருக்கிற அவர் அன்றைக்குத்தான் சிரிக்காமல் நின்றதைப் பார்த்தேன். கோயிலிலிருந்து இறங்கும் வழியில் ஓர் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறதாம். ஒன்று ஊருக்கு வரும். இன்னொன்று மழைக்காலத்தில் சரிந்துபோன பழைய பாதை. கொஞ்ச தூரம் நன்றாகத்தான் இருக்கும், அப்புறம் திடீரென்று தரையே இருக்காது. குறுக்கே மூங்கில் கட்டியிருக்கிறார்கள். ஆனால் இந்தப் பனியில் அது தெரியுமா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. போனில் சிக்னல் கிடையாது.

நாலைந்து ஆட்கள் டார்ச்சோடு மேலே ஓடினார்கள். மைக்கில் கூப்பிடலாமே என்று நான்தான் சொன்னேன். பிரயோஜனமில்லை என்று தாஜு தலையாட்டினார். அப்போதுதான் எனக்கும் காதில் விழுந்தது. எதிர் மலையில் ஒரு கல்யாணம். அங்கேயும் ஒலிபெருக்கி. நேபாளிப் பாட்டு, ஹிந்திப் பாட்டு, நடுநடுவே யாரோ மைக்கில் விருந்தாளிகளை வரவேற்கிற சத்தம். பனிக்குள் எது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே புரியவில்லை. நாங்கள் பாட்டுப் போட்டாலும், ஹிந்தியில் கூப்பிட்டாலும், மேலே இருப்பவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

தாஜு சட்டென்று என் பக்கம் திரும்பினார். "தீதி, நீங்க மதராஸ்தானே? உங்க பாஷையில பேசுங்க. கல்யாணத்துல வங்காளிங்களும் இருப்பாங்க, ஆனா உங்க பாஷை பேச அங்க ஆளே கிடையாது. உங்க குரலைக் கேட்டா அவங்களுக்கு இந்தப் பக்கம்தான் ஊருன்னு தெரிஞ்சிடும். நிறுத்தாம பேசுங்க."

மைக்கை என் கையில் வைத்துவிட்டார். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மேலே இருப்பது பௌதி என்ற நினைப்பு வந்தது. பிடித்துக்கொண்டேன்.

"பௌதி... நான்தான்" என்றேன். என் குரல் மலையெல்லாம் முட்டிக்கொண்டு எனக்கே திரும்பி வந்தது. என்ன பேசுவது? தெரிந்ததை ஒப்பித்தேன். ஹவுரா, கரக்பூர், பாலசோர், பத்ரக், கட்டாக், புவனேஸ்வர் என்று சென்னை வரைக்கும் ஸ்டேஷன் பெயர்கள். சிறு வயதில் கோடை விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து மனப்பாடம் ஆனது. விஜயவாடாவில் வாங்கிச் சாப்பிட்ட மாம்பழத்தைப் பற்றியும் சொன்னேன். சென்னை வந்து சேர்ந்ததும் பேச்சு தீர்ந்துவிட்டது. தாஜு கையை ஆட்டி, இன்னும், இன்னும் என்றார். பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன். சௌசௌ கூட்டுக்கு என்னென்ன போட வேண்டும் என்று சொன்னேன். மைதானத்தில் இருந்த சனம் ஒன்றும் புரியாமல், ஆனால் ஏதோ முக்கியமான அறிவிப்பைக் கேட்பதுபோல அசையாமல் நின்றது.

மேலே இருந்து ஒரு சத்தமும் இல்லை. அதற்கப்புறம் வந்ததெல்லாம் நானாக யோசித்துப் பேசியது இல்லை.

"ஏன் பௌதி, இந்த வயசுல கூடையைத் தூக்கிட்டு ஓடணும்னு உங்களுக்கு யாரு சொன்னது? ஊருக்கெல்லாம் பூகோளம் சொல்லிக்கொடுத்துட்டு நீங்களே வழி தெரியாம நிக்கலாமா? சீக்கிரம் வாங்க. இவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, நீங்கதானே என் பையனைக் கூட வச்சுக்கிட்டீங்க. போன்ல பார்த்துப் பார்த்து ரசம் வச்சுக் கொண்டுவந்தீங்களே, ஞாபகம் இருக்கா? அதுல சர்க்கரை போட்டிருந்தீங்க பௌதி! உலகத்துல யாராவது ரசத்துல சர்க்கரை போடுவாங்களா? ஆனா அவர் ஒரு சொட்டு வைக்காம குடிச்சார். நானும் குடிச்சேன். குடிச்சிட்டு ஆஸ்பத்திரி மாடிப்படியில உட்கார்ந்து அழுதேன். ஊரை விட்டு இவ்வளவு தூரத்துல எனக்காக ரசம் வைக்க ஒருத்தங்க இருக்காங்களேன்னு அழுதேன். உங்ககிட்ட சொன்னதில்லை. நன்றின்னு வாயைத் திறந்தாலே, சொந்த மனுஷங்களுக்குள்ள என்ன நன்றின்னு திட்டுவீங்க. இப்ப சொல்றேன், கேட்டுக்கோங்க. நீங்க இல்லாம அந்த வீட்டுல என்னால இருக்கவே முடியாது. வந்துடுங்க பௌதி."

சுற்றிலும் இருப்பவர்களுக்கும் சரி, பௌதிக்கும் சரி, தமிழில் ஒரு வார்த்தை புரியாது என்ற தைரியம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குரல் கட்டிப்போய்த் திரும்பவும் ஹவுரா, கரக்பூர் என்று ஆரம்பித்திருந்தேன்.

அப்போது மேலே, டார்ச்சோடு போனவர்களின் விசில் சத்தம். அப்புறம் பேச்சுக் குரல். பனிக்குள்ளிருந்து முதலில் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் ராணுவத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முதுகில் கூடையோடு, பௌதி.

மைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். கட்டிக்கொண்டு அழப்போனால், பௌதி என்னை ஒரு கை தூரத்தில் நிறுத்தி, முறைத்துப் பார்த்து, வங்காளியில் கேட்டார்.

"ரசத்துல சர்க்கரை போடக் கூடாதா?"

தமிழே தெரியாதவருக்கு இது எப்படிப் போய்ச் சேர்ந்தது? அந்த ராணுவக்காரர் என்னைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார். "வணக்கம் அம்மா. நான் வெலிங்டன்ல எட்டு வருஷம் இருந்தேன். ஊட்டி பக்கம். தமிழ் நல்லா தெரியும்" என்றார். "எல்லாம் அக்காவுக்கு நான்தான் சொன்னேன். ஒண்ணும் விடலை."

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. சுற்றி நின்றவர்களுக்கு அவரே நேபாளியில் விஷயத்தைச் சொல்ல, மைதானமே குலுங்கிச் சிரித்தது.

நடந்ததைப் பெண்கள் அப்புறம் சொன்னார்கள். பனி மூடியதும் மூவரும் அந்தப் பிரிவில் தவறான பாதையில்தான் திரும்பியிருக்கிறார்கள். மூங்கில் தடுப்பு கண்ணில் படவே இல்லையாம். எதிர் மலைப் பாட்டைக் கேட்டு, அதுதான் எங்கள் திருவிழா என்று அதை நோக்கி நடந்திருக்கிறார்கள். அப்போது முதுகுக்குப் பின்னால் என் குரல். பௌதி நின்றுவிட்டாராம். "இது என் சுவத்துக்கு அந்தப் பக்கம் தினம் கேக்கற குரல். தங்கச்சிகிட்ட போன்ல இப்படித்தான் கத்துவா. நாம தப்பா போறோம், திரும்புங்க" என்று இருவரையும் பிடித்து இழுத்துத் திரும்ப நடத்தியிருக்கிறார். பிரிவுக்கு வந்தபோது, எல்லாரும் இறங்கிவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டே கோயிலிலிருந்து வந்த ராணுவக்காரர் அவர்களைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து கீழே வருகிறவரை, நான் பேசப் பேச, அவர் ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். ரசம் கட்டம் வந்தபோது பௌதி ஒரு பாறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாராம். இதை அவர் இன்றைக்கு வரை ஒத்துக்கொள்வதில்லை. ஏறி வந்த களைப்பு என்பார்.

அந்தத் தவறான பாதையில் அவர்கள் எவ்வளவு தூரம் போயிருந்தார்கள் என்று தாஜு மறுநாள் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்த இடத்தில் இன்னும் இரண்டு மூங்கில் சேர்த்துக் கட்டச் சொன்னார், அவ்வளவுதான்.

பௌதி கூடையை இறக்கி, சௌசௌவை எண்ணிப் பார்க்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். ஒன்றுகூடக் குறையவில்லை. கடைசியாக வந்தவருக்கும் ஒரு பரிசு என்று, ஊர்ப் பெண்கள் அவர்கள் பின்னிய மஃப்ளரைக் கழுத்தில் போட்டார்கள். எனக்கும் ஒன்று. சாயங்காலம் நெருப்பு மூட்டி எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். ராணுவக்காரரின் தமிழைக் கேட்டுக்கொண்டே நான் சௌசௌ கூட்டு வைத்தேன். பௌதி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னார். "இத்தனை வருஷமா பக்கத்து வீட்டுல இருக்கோம். இதைச் சொல்ல உனக்கு ஒரு மலையும் ஒரு மைக்கும் வேணுமாயிருந்தது, பாகோலி." பாகோலி என்றால் பைத்தியக்காரி.

அதற்கடுத்த வருடமும் போனோம். தேநீர்க் கூடாரத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு, என்னை நேராக மேடைக்குக் கூட்டிப்போனார்கள். எனக்கு இன்னமும் பயம்தான், ஆனால் பேசிவிடுகிறேன்.

மனதில் இருக்கிற நன்றி தானாகவே போய்ச் சேர்ந்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் யாராவது எனக்கு ஒரு நல்லது செய்தால், அவர்கள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும்போதே, திட்டினாலும் பரவாயில்லை என்று, வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன்.