மலைக்குப் போன சர்க்கரைப் பொங்கல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பெரிய ஹாட்பாக்ஸ் நிறையச் சர்க்கரைப் பொங்கலை ஒன் ட்ரீ ஹில் உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கொஞ்ச நேரத்தில், ஒரு பருக்கை குறையாமல், அப்படியே கீழே தூக்கிக்கொண்டு வந்தோம்.

ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். முதலில் செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செல்வி, இங்கே நியூசிலாந்தில், ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஊர் பழனிப் பக்கம், ஒட்டன்சத்திரம். நான் யாழ்ப்பாணம். "கொஞ்சம் பேசணும்க்கா" என்று அவள் வருவாள். "ஓம், வாரும், கதைப்பம்" என்பேன் நான். இரண்டு பேரும் ஒரே பாஷைதான் பேசுகிறோம் என்பதில் இங்கே பிறந்த என் மகளுக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

செல்வி ரெசிடென்ஸ் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவள். காத்திருப்பது என்றால் எப்படி? போன் சிணுங்கினால் இமிகிரேஷனோ என்று ஓடுவது. சோபா வாங்கலாமா என்று கடை வரைக்கும் போய், உட்கார்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பி வருவது. அடுத்த டெர்ம் நாம் இந்த நாட்டில் இருப்போமா என்று தெரியாமல் மகளுக்கு யூனிஃபார்ம் எடுப்பது. வாடகை வீட்டுச் சுவரில் ஒரு படம்கூட ஒட்டாமல் வருஷக்கணக்கில் குடியிருப்பது... இந்தப் பத்தியை வாசிப்பவர்களில் பாதிப் பேருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நாட்களில் வேலை முடிந்ததும் அவள் நேராக மலைக்கு நடந்துவிடுவாள். கோயிலுக்குப் போகக் கார் வேண்டும், மலைக்குக் கால் போதும் என்பது அவள் கணக்கு. பழனிக்காரிக்கு மலை என்று ஒன்று இருந்தால் அதில் முருகன் இருந்தே ஆக வேண்டும். யூனிஃபார்மோடு உச்சியில் நின்று, காற்றில் பறக்கும் தலைமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முறையிட்டுவிட்டு வருவாள்.

அப்படி ஒரு நாள் வேண்டிக்கொண்டாளாம். விசா வந்தால், இதே உச்சியில், பத்துப் பேருக்குக் குறையாமல் தன் கையால் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துச் சாப்பிட வைக்கிறேன் என்று.

விசா வந்துவிட்டது.

"உடனே செஞ்சிடணும்க்கா" என்று வந்து நின்றாள்.

"சம்மர் வரட்டும் செல்வி. இந்தக் குளிருக்குள்ள மலையில என்னெண்டு நிற்கிறது?"

"இல்லக்கா. சொன்னா சொன்ன மாதிரி செய்யணும். இல்லைன்னா குடுத்தவரே திருப்பி எடுத்துக்குவாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"நேத்துதான்க்கா எம் பொண்ணு அவ ரூம் சுவத்துல முதல் முதலா ஒரு படம் ஒட்டியிருக்கா. ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஒட்டினா. அத மறுபடி கிழிக்கிற மாதிரி ஆயிடக் கூடாது."

அதற்குப் பிறகு நான் சம்மரைப் பற்றிப் பேசவில்லை.

ஹாட்பாக்ஸைத் தூக்க ஓர் ஆள் வேண்டுமே? என் கணவரைக் கூட்டிக்கொண்டோம். இவர் எனக்கு முன்னாலேயே இந்த நாட்டுக்கு வந்தவர், அகதியாக வந்தவர். அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் "அது முடிஞ்சுது" என்பார், ரிமோட்டைத் தேடுவார். பொங்கல் என்றதும் மட்டும் மறுபேச்சில்லாமல் ஜாக்கெட் மாட்டிக்கொண்டார்.

ஒன் ட்ரீ ஹில்லைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே போய் நின்றால் நியூசிலாந்து என்றே தோன்றாது. பிஸ்கட் டின் மூடியில் ஒரு காலத்தில் படம் போடுவார்களே, இங்கிலாந்துக் கிராமத்துக் குன்று... அதேதான். சாந்து பூசாமல் அடுக்கிய கல் மதில்கள், ஓக் மரங்கள், சரிவெல்லாம் செம்மறியாடுகள். இப்போது குட்டி போடும் காலம் வேறு. தாயின் வயிற்றுக்குக் கீழே முட்டிக்கொண்டு குட்டிகள் வாலை ஆட்டிய ஆட்டத்தில், ஏறுகிற மூச்சிரைப்பே மறந்துபோனது.

கப்பலில் வந்த ஆங்கிலேயர்கள் விட்டுவிட்டு வந்த ஊரை இங்கே அப்படியே நட்டு வைத்தார்கள். செல்வி விமானத்தில் வந்து அதே மலையில் முருகனை நட்டு வைத்தாள். புலம்பெயர்ந்த யாரைத்தான் குறை சொல்வது? வெறுங்கையோடு இறங்குகிறோம் என்றுதான் நினைக்கிறோம், மூட்டை பிரித்தால் ஊரே வெளியே வருகிறது.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. அங்கே நிற்கும் உயரமான நினைவுத் தூணின் மறைவில் ஹாட்பாக்ஸை வைத்தோம். செல்வி கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பேப்பர் கப்புகளில் பொங்கலை அள்ளி வைக்கத் தொடங்கினாள். நெய்யும் ஏலக்காயும் மணக்க, ஆவி பறந்தது.

"முதல் கப் வெளியாளுக்குத்தான்க்கா" என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

வந்தார்கள். மண் அப்பிய ரப்பர் பூட்ஸ் போட்ட ஐந்தாறு பேர். அன்று மலைச்சரிவில் மரம் நட வந்த வாலண்டியர்கள், வேலை தொடங்குவதற்கு முன்னால் உச்சிக்கு வந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போக வந்தவர்களாம். முன்னால் வந்த பெண்ணுக்கு என் வயதிருக்கும். இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரிப் பெண். பெயர் அரோஹா என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

செல்வி இரண்டு கையாலும் கப்பை நீட்டினாள். அரோஹா சிரித்தாள், ஆனால் கையை நீட்டவில்லை.

"ரொம்ப நன்றி. இங்கே வேண்டாம்" என்றாள் ஆங்கிலத்தில். "உச்சியில் நாங்கள் சாப்பிடுவதில்லை. நீங்களும் இங்கே சாப்பிடாமல் இருந்தால் நல்லது."

பிரசாதத்தை ஒருவர் வேண்டாம் என்று சொல்லி செல்வி வாழ்க்கையில் பார்த்ததில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. என் கணவரோ, வாய்க்கு அரையடி தூரத்தில் ஸ்பூனைப் பிடித்தபடி சிலையாகிவிட்டார்.

நான் அவசரமாக நடுவில் புகுந்தேன். இது பிக்னிக் சாப்பாடு இல்லை, சாமிக்குப் படைத்தது, எங்களுக்குப் புனிதமானது, இது ஒரு வேண்டுதல், என்றெல்லாம் மூச்சு விடாமல் அடுக்கினேன்.

"புரிகிறது" என்றாள் அரோஹா. "இந்த மலையும் எங்களுக்கு அப்படித்தான். இவர் எங்கள் முன்னோர். நாம் நிற்பது அவருடைய தலை. தலைக்குப் பக்கத்தில் சாப்பாட்டைக் கொண்டுபோக மாட்டோம்."

செல்விக்கு வேலைக்கு வேண்டிய இங்கிலீஷ் வரும், இது பிடிபடவில்லை; நான் தமிழில் சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அய்யோ, அக்கா... உச்சியிலன்னு வாய் விட்டு சொல்லிட்டேனே. பழனியில மேலதானே பிரசாதம் குடுக்கிறாங்க? இப்ப குடுத்தாலும் குத்தம், குடுக்காட்டியும் குத்தம். நான் என்ன பண்ணுவேன்?"

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. விடியற்காலையில் எழுந்து, குளித்து, பட்டினி கிடந்து பொங்கியிருக்கிறாள். ஒரு கப் வாங்கினால் மலை இடிந்தா விழும் என்று மனசுக்குள் ஓடியது. அரோஹாவும் போய்விடவில்லை. சங்கடத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

செல்வி கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"தலையாக்கா?"

"ஓம், தலையாம்."

"அப்ப காலு எங்க இருக்குன்னு கேளுங்க."

கேட்டேன். அரோஹாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு கையை நீட்டிக் கீழே காட்டினாள். சரிவு முடிந்து சமதரை தொடங்கும் இடம். அங்கேதான் அவர்களும் வேலை முடிந்து எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம்.

"அவ்வளவுதானே?" செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "படையலக் காலடியிலதானக்கா வைப்போம்? தலையில எலை போட்டு யாராச்சும் சாப்பிடுவாங்களா? எனக்குல்ல புத்தி இல்லாமப் போச்சு."

சொன்னதோடு விடவில்லை. முன்னோர் தலையில் செருப்போடு நிற்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்ததோ என்னவோ, ஷூவையும் சாக்ஸையும் கழற்றினாள். அந்தக் குளிரில்! அரோஹா வேண்டாம் வேண்டாம் என்று பதறினாள். செல்வி ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கைகூப்பினாள். எங்கள் வீட்டுப் பெண்கள் பெரியப்பாவிடம் பேசுவது மாதிரி உரத்த குரலில் சொன்னாள்.

"நான் உச்சியிலன்னுதான் சொன்னேன். உங்க வீட்டு ஆளுங்களே கீழ வைக்கச் சொல்லிட்டாங்க. அதனால கீழதான் வைக்கிறேன். பொறவு குத்தம் சொல்லப்படாது."

கடவுளிடம் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத லாயர் வேண்டுமா என்ன? நம்மவர்களுக்கு வாய் இருந்தால் போதும்.

இறங்கும்போது அரோஹா எங்களோடு பேசிக்கொண்டே நடந்தாள். சரிவில் படி படியாகப் புல் மூடிக் கிடக்குமே, ஆடு நடந்து விழுந்த தடம் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். வீடுகள் இருந்த இடமாம். பள்ளங்கள், குமரா கிழங்கைச் சேமித்து வைத்த குழிகளாம். குமரா என்றால் நம் வத்தாளங்கிழங்குதான், செல்வி ஊரில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. எரிமலை மண்ணில் தோட்டம் போட்டு, ஆயிரக்கணக்கான சனங்கள் வாழ்ந்த ஊர் இது என்றாள். பிஸ்கட் டின் மூடிக்கு அடியில் இப்படி ஒன்று இருந்திருக்கிறது.

"வெளியிலிருந்து வந்த செடிகளைப் பிடுங்குவதுதான் எங்களுக்குப் பாதி வேலை" என்றாள் அரோஹா. எனக்கு ஒரு கணம் செல்வியின் முருகனை நினைத்துப் பயமாக இருந்தது.

மத்தியானம் மலையடியில் கூடினோம். மரம் நட்டவர்கள் பத்துப் பேருக்கு மேலேயே இருந்தார்கள். கையைக் கழுவிக்கொண்டு வட்டமாக நின்றார்கள். அரோஹா மாவோரியில் ஒரு சிறிய பிரார்த்தனை சொன்னாள். அது முடியும்வரை காத்திருந்து செல்வி மெதுவாக "முருகா" என்றாள். முதல் கப் அரோஹாவுக்கு. இந்தத் தடவை அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

சாப்பிட்டுக்கொண்டே மலையைக் காட்டிக் கேட்டாள். "அப்படி என்னதான் கொடுத்தார் இவர் உனக்கு?"

"விசா" என்றாள் செல்வி.

அரோஹா சிரிக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மலையை நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்கே வருகிற எல்லோரும் இமிகிரேஷனுக்கு நன்றி சொல்வார்கள். இவருக்கு நன்றி சொல்ல ஓர் ஆள் வந்து நான் பார்த்ததில்லை." அப்புறம் செல்வியின் தோளில் கை போட்டாள். "நல்லா இரு. இது உன் வீடும்தான்."

மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். தேவைப்படவில்லை. செல்விக்குப் புரிந்துவிட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அந்தத் தோளில் அழுது தீர்த்தாள். நான் குடியுரிமை வாங்கிய அன்று ஹாலில் பேச்செல்லாம் பேசினார்கள், கையெல்லாம் குலுக்கினார்கள். ஆனால் இந்த நாட்டில் என்னை யாரோ உள்ளே கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது போன ஞாயிற்றுக்கிழமைதான். அதுவும் இன்னொருத்தியின் விசாவுக்கு.

ஹாட்பாக்ஸில் இன்னும் பொங்கல் மிச்சம் இருந்தது. என் கணவர் இரண்டாவது கப்புக்குக் கை நீட்டுவார் என்று பார்த்தால், எழுந்து போய்க் குழாயில் கை வாய் கழுவினார். பிறகு மறுபடியும் மலைப் பாதையில் ஏறத் தொடங்கினார்.

"எங்கையப்பா போறியள்?"

திரும்பிப் பார்க்கவில்லை. "நானும் ஒரு நன்றி சொல்லிப்போட்டு வாறன்" என்றார்.

கல்யாணம் செய்த நாளிலிருந்து எனக்கு ஒரு தடவைகூட நன்றி சொல்லாத மனுசன். பரவாயில்லை... வயதில் மலைதானே மூத்தது.