அங்கி விளிம்பில் ஈயம்

கை தூக்கி ஓட்டுப் போடாமல் அந்தச் சபையில் ஒரு ஆணி அடித்ததில்லை. மேடைக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை நீலமா பச்சையா என்று ஓட்டு. மின்விசிறி ஆண்கள் பக்கமா பெண்கள் பக்கமா என்று ஓட்டு. ஒருமுறை கூட்டத்தைச் சீக்கிரம் முடிக்கலாமா என்பதற்கே ஓட்டெடுத்து, அதில் இழுபறியாகி, எல்லோரும் வெளியே வரும்போது இருட்டிவிட்டது. பாப்டிஸ்ட் சபை என்றால் அப்படித்தான். மேலே உட்கார்ந்து உத்தரவு போட ஆள் கிடையாது. விவரம் தெரிந்த வயதில், தானாக விசுவாசித்து, தண்ணீரில் முழுகி எழுந்தவர் எவரோ அவர்தான் அங்கத்தினர். அவருக்கு ஒரு கை, ஒரு ஓட்டு. முழுகாதவர் எத்தனை வருஷம் வந்து உட்கார்ந்தாலும் விருந்தாளிதான்.

சபை பிறந்ததே ஒரு சண்டையில். சபைக்கு அங்கி தைக்கிற தையலக்காவின் தாத்தா காலத்தில், செங்கல் சூளையில் வேலை செய்த ஏழெட்டுக் குடும்பங்கள், பச்சைக் குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளிப்பதெல்லாம் ஞானஸ்நானமே இல்லை என்று பெரிய கோயிலிலிருந்து வெளியேறி, வாய்க்காலில் இறங்கி முழுகினார்கள். பிறகு தாங்களே அறுத்த செங்கல்லில் ஒரு மண்டபம் கட்டினார்கள். பிரசங்க மேடைக்கு அடியில் ஆள் முழுகும் ஆழத்துக்கு ஒரு தொட்டி கட்டி, மேலே பலகை போட்டு மூடினார்கள். தொட்டி வந்ததும் அடுத்த சண்டை வந்தது. ஓடுகிற தண்ணீரில் முழுகினால்தான் செல்லும் என்று பாதிப் பேர் வாய்க்காலுக்கு அக்கரையில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு போனார்கள். ஒருவர் பாட்டு மற்றவர் காதில் விழுந்துவிடக் கூடாதென்று இரண்டு கரையிலும் தொண்டை கிழியப் பாடினார்கள். ஒரு கோடையில் வாய்க்கால் வறண்டது. அக்கரைக்காரர்கள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஓட்டெடுத்துத்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தத் தொட்டியில்தான் தையலக்கா பதினாலு வயதில் முழுகினாள். அவள் போட்டிருந்த வெள்ளை அங்கி தண்ணீரில் குடை மாதிரி விரிந்து மேலே வந்துவிட்டது. வாலிபப் பையன்கள் கூரையைப் பார்த்தார்கள். பாவம், எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்கள். அந்த வெட்கம் அவளை விட்டுப் போக வெகுநாளாயிற்று. கல்யாணமாகி, தையல் மெஷின் வாங்கி, சபைக்கு அங்கி தைக்கும் வேலை கைக்கு வந்ததும் முதலில் அதற்குத்தான் வழி பண்ணினாள். வீட்டுக்காரர் டயர் கடை வைத்திருந்தார். சக்கரம் ஆடாமல் ஓடுவதற்காக ரிம்மில் அடிக்கிற ஈயத் துண்டுகள், கழற்றிப் போட்டவை, கடையில் டப்பா டப்பாவாகக் கிடக்கும். அவற்றைத் தட்டித் தட்டையாக்கிக் கொண்டுவரச் சொல்லி, அங்கியின் கீழ் விளிம்பை மடித்து, சாணுக்கு ஒரு துண்டு வைத்துத் தைத்தாள். அதற்குப் பிறகு அந்தச் சபையில் யாருடைய அங்கியும் மேலே வரவில்லை. சபையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் போதகர்களின் பெயரைத்தான் எழுதுவார்கள். எழுதிவிட்டுப் போகட்டும்.

டயர்க்காரர் மட்டும் முழுகவில்லை. ஞாயிறு தவறாமல் வருவார். கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்காருவார். பாட்டுக்கு வாய் அசையும். திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் வரும்போது தட்டைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார். கூரை ஒழுகினால் ஏறுகிறவர் அவர்தான். தொட்டியின் வால்வும் அவர் கைக்குத்தான் திறக்கும். வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் அவருடைய ஆத்துமாவுக்காக முப்பது வருஷமாக மன்றாடினார்கள். கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

"நம்பிக்கை வந்தா நானே வந்து சொல்றேன். வராமலே வந்துட்டதா சொல்லச் சொல்றீங்களா?"

அவர்களுக்கு ஒரே மகன். பதினைந்து வயதில் அவனாகவே கேட்டு முழுகினான். முந்தின நாள் கடைக்கு வந்து, "அப்பா, நீங்களும் என்கூட எறங்குங்களேன்" என்றான். டயர்க்காரர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "உனக்காக எறங்கினா அது எறங்கினதா ஆகாதுடா. வேணும்னா உங்க பாஸ்டரையே கேளு" என்றார். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த தையலக்கா வாசலில் நின்று இதைக் கேட்டாள். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் தலையாட்டினான். மறுநாள் அவன் தொட்டியிலிருந்து ஏறும்போது துண்டோடு நின்றவர் அப்பாதான்.

இரண்டு வருஷத்தில் மூளைக் காய்ச்சல் வந்து போய்விட்டான். அவன் முழுகிய அங்கியையே போட்டு, மண்டபத்துக்குப் பின்னாலிருந்த கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். சபைச் சொத்தான அங்கியை அடக்கத்துக்குக் கொடுக்கலாமா என்று அன்றைக்கும் ஓட்டெடுத்தார்கள். ஒரு கை பாக்கியில்லாமல் தூக்கினார்கள்.

தையலக்கா அன்று அழவில்லை. பிறகும் அழவில்லை. அழுகை எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது, வந்துவிடும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தாள். அப்புறம் காத்திருப்பதும் நின்றுவிட்டது. சட்டை வெட்டினாள், காஜா எடுத்தாள், சமைத்தாள், யாராவது சிரித்தால் கூடச் சிரித்தாள். எதுவும் உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பின்னால் போய் அவன் கல்லைத் துடைத்துவிட்டு வருவாள். அது ஒன்றுதான் அவளாகச் செய்தது. மற்றதையெல்லாம் கை செய்தது.

சூளை மூடியபின் சபையும் தேய ஆரம்பித்தது. வாலிபர்கள் வேலை தேடிப் போனவர்கள் போனவர்கள்தான். மிச்சமிருந்ததெல்லாம் முட்டிவலியும் மூக்குக்கண்ணாடியும். தொட்டிக்குள் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அப்போதுதான் பெரிய டீச்சர் ஒரு யோசனை கொண்டுவந்தார். தையலக்காவுக்கு ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்லிக்கொடுத்தவர். கெட்ட மனசு கிடையாது.

"டவுன் சபையோட சேர்ந்துருவோம். வேன் அனுப்பறாங்களாம். வீட்டு வாசல்லயே ஏத்திக்குவாங்களாம். இந்த நெலத்தைக் கிடங்கு கட்டக் கேக்கறாங்க. கல்லறையையெல்லாம் மரியாதையா எடுத்து டவுன் தோட்டத்துல வச்சிரலாம்."

சபைச் செயலாளர் ஒரு பழைய தபால்காரர். மண்டபத்தை மூடவே கூடாது என்ற கட்சிக்குத் தலைவரும் அவரே. கைகளை இரண்டு தடவை எண்ணினார். இரண்டு தடவையும் சமம். விதிப்படி அடுத்த மாதம் மறு ஓட்டு. அப்போதும் சமமாக வந்தால் போதகர் கை தூக்க வேண்டும். அவர் மூன்று சபைகளுக்கு ஸ்கூட்டரில் பறக்கிற இளைஞர், கண்ணுக்குக் கீழே கறுத்துப் போனவர். அவர் கை எந்தப் பக்கம் போகும் என்று யாரும் ஜோசியம் பார்க்கத் தேவையில்லை.

மறுநாளே தபால்காரர் தையலக்காவின் மெஷினுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நமக்கு ஒரு கை போதும்மா. ஒரே ஒரு கை."

"யாரு இருக்கா?"

"உங்க வீட்டுக்காரரு. ஞானஸ்நானம் எடுத்துட்டா அன்னைக்கே அங்கத்தினர். நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீங்க சொல்லுங்க. பையன் அங்க படுத்திருக்கான்."

தையலக்கா மெஷினை நிறுத்தவில்லை. கடைசி வாக்கியத்துக்கு மட்டும் தையல் கொஞ்சம் கோணிற்று. அதைப் பிரித்து மறுபடி தைத்தாள்.

சாயங்காலம் டயர்க்காரர் குழாயடியில் கையிலிருந்த மசியைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

"ம்."

"ஒரு தடவை எறங்கிருங்களேன்."

அவர் திரும்பாமலே கேட்டார். "நீயா கேக்கறே?"

"நான்தான் கேக்கறேன்."

"அவன் இருக்கிற எடத்தை நோண்டுவாங்க. அதானே?"

"ஆமா."

நுரை போகும்வரை கையைக் கழுவினார். "சரி" என்றார்.

சந்தோஷம் வருகிறதா என்று தையலக்கா தனக்குள் தேடிப் பார்த்தாள். இல்லை. வெட்கமாவது வருகிறதா என்றால் அதுவும் இல்லை.

முழுக வருகிறவர் சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும்; சபை கை தூக்கி ஏற்றுக்கொள்ள வேண்டும். டயர்க்காரர் எழுந்து, "எனக்குப் பேச வராது. ரொம்ப வருஷமா இங்கதான் உக்காந்திருக்கேன். எறங்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெரிய டீச்சர் கட்சியின் பாடுதான் திண்டாட்டம். இவரை ஏற்றுக்கொண்டால் ஓட்டில் தோற்பது நிச்சயம். வேண்டாம் என்றால், முப்பது வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் கண்ணீர் விட்டுக் கேட்டதைக் கர்த்தர் கையில் கொடுக்கும்போது தட்டிவிட்டதாக ஆகும். பெரிய டீச்சர் முன் பெஞ்சைப் பிடித்து மெல்ல எழுந்து நின்று கை தூக்கினார். அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. மற்றவர்களும் தூக்கினார்கள். போதகர் டயர்க்காரரைத் தனியே கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்திருக்கலாம்.

இருந்த அங்கி எதுவும் டயர்க்காரர் தோளுக்குப் போதவில்லை. புதிதாகத்தான் தைக்க வேண்டியிருந்தது. அளவெடுக்கக் கையை விரித்து நின்றார். ஈயத் துண்டுகளை அவரே தட்டிக் கொண்டுவந்து மெஷின் பலகையில் வைத்தார்.

"பாஸ்டர் கேள்வி கேப்பாரு" என்றாள் தையலக்கா.

"தெரியும்."

"என்ன சொல்வீங்க?"

"ஆமான்னு சொல்வேன். வேற என்ன சொல்றது?"

இத்தனை வருஷக் குடும்பத்தில் அவர் அவளிடம் ஒரு பொய் சொன்னதில்லை. கடைக்கு வருகிறவனிடம்கூட, பழைய டயர் இன்னும் ஓடும் என்றால் ஓடும் என்பார், புதுசை விற்க மாட்டார். அதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் தைத்தாள். தையல் நேராகவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பலகைகளை எடுத்தார்கள். முந்தின நாளே நாற்காலிகளை வெளியே போட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வால்வை எண்ணெய் விட்டதுபோல் திறந்து தண்ணீர் நிறைத்தவரும் டயர்க்காரர்தான். தன் காரியத்துக்குத் தானே வேலைக்காரன். போதகர் முதலில் இறங்கினார். டயர்க்காரர் படியில் கால் வைத்து இறங்கினார். தண்ணீர் மார்புக்கு ஏறியது. அங்கி அடங்கி நின்றது. தபால்காரர் முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தையலக்கா துண்டோடு படியருகில் நின்றாள்.

"இயேசு கிறிஸ்துவை உங்க சொந்த இரட்சகரா விசுவாசிக்கிறீங்களா?" என்று போதகர் கேட்டார். பிறகு, வழக்கமாகக் கேட்கிற இரண்டாவது கேள்வியையும் சேர்த்தார். "இது யாருக்காகவும் இல்லாம, நீங்களா எடுத்த முடிவுதானே?"

டயர்க்காரர் அவளைப் பார்த்தார். கோபமில்லை, குறையில்லை. அடுத்த நட்டைக் கழற்றட்டுமா என்று கேட்கிற பார்வை. மகன் இதே படியில் இறங்கிய அன்று ஒருமுறை திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவன் கேட்டும் கொடுக்காததை இவர் இப்போது அவள் கேட்டதும் கொடுக்கப் போகிறார். அவனுக்கு அன்று சொன்னது இதோடு பொய்யாகிவிடும். அவனுடைய இடத்தைக் காப்பாற்ற அவனிடம் சொன்ன வார்த்தையை விற்க வேண்டும். டயர்க்காரர் வாயைத் திறந்தார்.

"ஏறி வாங்க" என்றாள் தையலக்கா.

மண்டபத்தில் யாருக்கும் முதலில் விளங்கவில்லை.

"வேண்டாங்க. ஏறி வாங்க. நான் கேட்டேன்னுதான் எறங்கினாரு பாஸ்டர்."

போதகர் தண்ணீரிலேயே கண்ணை மூடிக்கொண்டார். தபால்காரர், "என்னம்மா காரியம் பண்ணிட்டீங்க" என்றார், சத்தமில்லாமல். டயர்க்காரர் படி ஏறினார். ஈயம் வைத்த அங்கி காலோடு ஒட்டிக்கொண்டு கனத்தது. அவள் துண்டைப் போர்த்தினாள்.

மறு ஓட்டிலும் கைகள் சமமாக நின்றன. தையலக்கா மூடக் கூடாது என்றுதான் தூக்கினாள். போதகர் தரையைப் பார்த்தபடி மறுபக்கம் கை தூக்கினார். சபையின் சரித்திரத்தில் அதுதான் கடைசி ஓட்டு. தபால்காரர் தையலக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அதுவும் அவளுக்கு உறைக்கவில்லை.

மழைக்கு முன்னால் கல்லறைகளை எடுக்க ஆள் வந்தது. சபைக்காரர்கள் வரவேண்டியதில்லை, நாங்களே மரியாதையாக முடித்துவிடுவோம் என்றார்கள். இவர்கள் இருவரும் போனார்கள். தோண்டி, மண்ணைக் கையால் ஒதுக்கியபோது துணி இல்லை. பருத்தி எப்போதோ மண்ணாகிவிட்டிருந்தது. கால் எலும்புகளைச் சுற்றி ஈயத் துண்டுகள் மட்டும், அவள் வைத்துத் தைத்த இடைவெளி கலையாமல், விளிம்பு போன வழியிலேயே கிடந்தன.

டயர்க்காரர் குந்தி உட்கார்ந்து ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

"நம்ம கடை ஈயந்தான்" என்றார். அடுத்ததை எடுத்துக்கொண்டே, "அவன் கேட்டப்ப நான் எறங்கல. நீ கேட்டதும் எறங்கிட்டேன். ஆமான்னுகூடச் சொல்லியிருப்பேன்" என்றார்.

"தெரியும். அதனாலதான் ஏறி வரச் சொன்னேன்."

அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கி, புதிய பெட்டியில் கால்மாட்டில், சாணுக்கு ஒன்றாக வரிசை வைத்தாள். பாதி வரிசையில் கை நின்றுவிட்டது. என்ன வருகிறது என்று அவளுக்கு முதலில் தெரியவில்லை. பிறகு சத்தமாகவே வந்தது, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து. டயர்க்காரர் மீதித் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தோண்ட வந்தவர்கள் மண்வெட்டிகளைச் சாத்திவிட்டு, முடியட்டும் என்று மண்டபத்துப் பக்கம் திரும்பி நின்றார்கள்.