முன்பாரம்

சென்ற மாதம் ஒரு நாள் காலை கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். டாக்டர் சொன்னதற்காக நடக்கிற நடை. பாதித் தூரம் நடந்துவிட்டு மீதியைப் பெஞ்சில் உட்கார்ந்து ஈடுகட்டுவது என் வழக்கம். மைதானத்து மூலையில் ஒரு பிக்கப் வண்டி நின்றது. அதன் பின்னால் காபிக் கடையாக மாற்றிய ஒரு சக்கர வீடு. கடைக்காரப் பெண் அதைக் கழற்றி நிறுத்திவிட்டு, பிக்கப்பின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த இரும்பு உருண்டையைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். வெயிலில் இளகிய கிரீஸின் வாசனை மூக்கில் ஏறியதும் காபி வாசனை காணாமல் போயிற்று. பெஞ்சு இன்னும் இருபதடி தள்ளி இருந்தது. பக்கத்திலிருந்த கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த உருண்டைக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் கொழுக்கட்டை. பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லரின் மூக்கு அந்தக் கொழுக்கட்டையின் மேல் குல்லாய் போலக் கவிழ்ந்து உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வராவிட்டால் எங்கள் டிரைவர் காதர் வண்டியில் ஏறமாட்டார்.

சுனாமி வந்து ஓராண்டு கழித்து அந்த டிரெய்லர் எங்களிடம் வந்து சேர்ந்தது. நிவாரண வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப்போனது. அவர்கள் நாட்டில் விடுமுறைக்கு ஊர் ஊராக இழுத்துப் போவார்களாம். படுக்கை, அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். எங்கள் அறக்கட்டளை அதற்கு வெள்ளையடித்து, படுக்கையை நோயாளியைப் படுக்கவைக்கும் மேசையாக்கி, அடுப்பு இருந்த இடத்தில் மருந்து அலமாரியைப் பொருத்தி, நடமாடும் மருத்துவமனை ஆக்கியது. ஜன்னல்களில் தொங்கிய பூப்போட்ட திரையை மட்டும் யாருக்கும் கழற்ற மனம் வரவில்லை. தேவனாம்பட்டினத்தில் முதல் முகாமுக்குப் போனபோது, வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாது இது, ரயில்லேர்ந்து ஒரு பொட்டி அத்துக்கினு வந்துட்ட மாரி இருக்குது" என்றார். கூட்டம் சிரித்தது. கடல் வந்து போன பிறகு அந்தக் கரையில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது என்று நினைக்கிறேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றிருந்தேன். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அறக்கட்டளையில் முகாம் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். நர்ஸ் ஸ்டெல்லா குறிஞ்சிப்பாடிக்காரர். சிரித்துக்கொண்டே ஊசி போட்டுவிடுவார். காதர் பரங்கிப்பேட்டைக்காரர். சவுதியில் எட்டு வருஷம் இருந்தவர். அங்கே அவருடைய முதலாளி குடும்பத்தோடு பாலைவனத்தில் கூடாரம் போடப் போகும்போதெல்லாம் இதே மாதிரி வீடுகளை இழுத்துப் போனது காதர்தான். தாயாருக்கு உடம்பு முடியாமல் ஊர் திரும்பியவர், மறுபடி போகக் காத்திருந்தார். அதற்கு எங்கள் அறக்கட்டளையின் அனுபவச் சான்றிதழ் அவருக்கு வேண்டியிருந்தது.

புறப்படுமுன் காதர் டிரெய்லரைச் சுற்றி வருவார். கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல என்று நான் கிண்டல் செய்வேன். டயரைத் தட்டிப் பார்ப்பார். கொழுக்கட்டைக்கு அடியில் இரண்டு சங்கிலிகளையும் குறுக்கும் நெடுக்குமாக மாட்டுவார். மூக்கு கழன்றாலும் தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டில் தாங்கிக்கொள்ளும். பின்விளக்கு எரிகிறதா என்று ஸ்டெல்லாவைப் பின்னால் நிறுத்திக் கேட்பார்.

"எரியுது காதர் அண்ணே. நேத்து எரிஞ்சது, முந்தாநாள் எரிஞ்சது, இன்னிக்கும் எரியுது."

"நாளைக்கும் கேப்பேன் சிஸ்டர். நீங்க மட்டும் ஊசிய தெனம் தண்ணியில போட்டுக் கொதிக்க வெக்கல?"

"அதெல்லாம் அந்தக் காலம். இப்பல்லாம் குத்திட்டுத் தூக்கிப் போட்டுர்றதுதான்."

"அப்ப என்னையும் தூக்கிப் போட்ருங்க."

டிரெய்லருக்குள் யாரையும் உட்கார்ந்து வர விடமாட்டார். ஒருமுறை மழையில் ஸ்டெல்லா கெஞ்சிக்கூட விடவில்லை. முன்னால் போகிற வண்டியிலிருந்து எட்டு வண்டி தூரம் விட்டுத்தான் போவார். அந்த இடைவெளியில் பஸ்ஸும் லாரியும் நுழைந்துகொண்டே இருக்கும், இவரும் பின்வாங்கிக்கொண்டே இருப்பார். "இப்பிடியே போனா நாம கடலூருக்கே திரும்பிப் போயிடுவோம்" என்று சொல்லியிருக்கிறேன்.

சிதம்பரம் கீழவீதியில் அவர் ரிவர்ஸ் எடுத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டிரெய்லரை இடப்பக்கம் தள்ள வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். இது தெருவில் நிற்கிறவர்களுக்குப் புரியாது. பூக்காரர், ஆட்டோக்காரர், தரிசனத்துக்கு வந்தவர் எல்லாரும் சேர்ந்து, "லெப்ட்ல ஒடி, லெப்ட்ல ஒடிய்யா" என்று கத்தினார்கள். படித்தவன் என்ற உரிமையில் நானும் இறங்கிக் கத்தினேன். காதர் யாரையும் பார்க்காமல், ஸ்டியரிங்கின் அடியைப் பிடித்து, சந்துக்குள் கதவு சாத்துகிற மாதிரி அதை உள்ளே விட்டார். பிறகு என்னிடம், "நீங்க கைகாட்டுன பக்கம் ஒடிச்சிருந்தா இந்நேரம் பூக்கடைய மருந்துக்கடை ஆக்கியிருப்போம் சார்" என்றார்.

சொல்ல வந்ததைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிறேன். எண்பது வயதில் ஒரு மனிதனுக்கு இது அழகல்ல. சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஏழில், அறுவடை முடிந்த சமயம், கீரப்பாளையத்தில் முகாம். அது நான் பிறந்து வளர்ந்த பக்கம். சொந்தக்காரர்கள் முன்னால் அந்த வெள்ளை வண்டியோடு போய் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அன்று ஏற்ற வேண்டிய சாமான் அதிகம். ஜெனரேட்டர், இரண்டு தண்ணீர் டிரம், சத்துமாவு மூட்டைகள். காதர் வழக்கம்போல ஜெனரேட்டரையும் டிரம்களையும் டிரெய்லரின் முன்பாதியில் ஏற்றச் சொன்னார். ஏற்றியதும் பிக்கப்பின் பின்பக்கம் குனிந்தது. முகப்பு விளக்குகள் வானத்தைப் பார்த்தன. எனக்கு அது பொறுக்கவில்லை.

எங்கள் அப்பா மாட்டு வண்டியில் நெல் ஏற்றுவார். அவருடைய முதல் விதி, முன்பாரம் கூடாது. முன்னால் கனம் அதிகமானால் மாட்டின் கழுத்து புண்ணாகிவிடும். மூட்டைகளை அடுக்கி முடித்ததும் நுகத்தடியை ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பார். தூக்க முடிந்தால்தான் மாட்டைப் பூட்டுவார். பிக்கப் குனிந்து நின்றதைப் பார்த்தபோது, என் கண்ணுக்கு அது கழுத்து ஒடிந்த மாடாகத்தான் தெரிந்தது. முப்பது வருஷம் நெம்புகோல் தத்துவம் நடத்தியவன் மூளையில் அந்த நேரம் அந்த மாட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

"காதர், ஜெனரேட்டரப் பின்னாடி தள்ளச் சொல்லு."

"வேணாம் சார். கனம் முன்னாடி இருக்கட்டும். பின்னாடி ஜாஸ்தியாச்சுன்னா வால ஆட்டும்."

"வண்டி குனியுது பாரு."

"குனியட்டும் சார். அது குனிஞ்சாத்தான் இது அடங்கும்."

"நான் பிசிக்ஸ் வாத்தியார்ப்பா. பேலன்ஸ்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

சாமான்களைப் பின்னால் தள்ள வைத்தேன். பிறகு டிரெய்லரின் மூக்கை, எங்கள் அப்பா செய்ததுபோல, இரண்டு விரலால் தூக்கிக் காட்டினேன். பஞ்சுபோல எழுந்தது. ஸ்டெல்லா கைதட்டினார். காதர் அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூக்கு கொழுக்கட்டையின் மேல் அழுத்தி உட்கார வேண்டும், டிரெய்லரின் கனத்தில் பத்தில் ஒரு பங்காவது அங்கே இறங்க வேண்டும், அந்த அழுத்தம்தான் பின்னால் வருவதை அலையாமல் பிடித்துவைக்கிறது என்பதெல்லாம் நான் பிற்பாடு காகிதத்தில் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டது. அவருக்கு அது உள்ளங்கையில் தெரிந்திருந்தது.

"மெதுவாத்தான் போவேன் சார். அதுக்கு மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்.

மெதுவாகத்தான் போனார். நான் முன்சீட்டில் அவர் பக்கத்தில் இருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போதே முதுகுக்குப் பின்னால் ஏதோ மெல்ல அசைவதுபோல இருந்தது. வெள்ளாற்றுப் பாலம் ஏறி இறங்கும் சரிவில், எதிரே ஒரு பஸ் காற்றை வாரி அடித்துக்கொண்டு போனது. டிரெய்லர் ஒரு பக்கம் போய், மறுபக்கம் வந்தது. அடுத்த ஆட்டம் அதைவிடப் பெரிது. மூன்றாவது ஆட்டத்தில் பிக்கப்பையே இழுத்தது. நான், "பிரேக்கப் போடு, பிரேக்கப் போடு" என்று கத்தினேன். காதர் போடவில்லை. கால் இரண்டையும் எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, "யா அல்லா" என்று மட்டும் சொன்னார். பிரேக் போட்டிருந்தால் நாங்கள் மூன்று பேரும் ஆற்றில் இருந்திருப்போம். நான் வேகம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தைந்திலிருந்து அது இறங்கிக்கொண்டிருந்தது.

டிரெய்லர் கொழுக்கட்டையிலிருந்து முறுக்கிக்கொண்டு, சங்கிலியை அறுத்துக்கொண்டு, கரையிலிருந்து வயலில் உருண்டது. தாளடியில் மாத்திரைகள் சிதறிக் கிடந்தன. யாருக்கும் அடியில்லை. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஸ்டெல்லா எழுந்து, "வந்துட்டமா?" என்று கேட்டார்.

மறுநாள் அறக்கட்டளைச் செயலாளர் என் முன்னால் ஒரு படிவத்தை வைத்தார். விபத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம். 'சாமான்களைத் தவறாக ஏற்றியது நான்' என்று எழுதியிருக்கலாம். என்ன செய்துவிடப் போகிறார்கள் என்னை? ஓய்வு பெற்றவன், வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அந்த அலுவலகத்தில் என்னிடம் படித்த இரண்டு பேர் இருந்தார்கள். இயற்பியல் வாத்தியார் பாரம் ஏற்றத் தெரியாமல் வண்டியைக் கவிழ்த்தார் என்று அவர்கள் சிரிப்பதை நினைத்துப் பார்த்தேன். 'ஓட்டுநரின் அதிக வேகம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றே சொற்கள்.

காதரை நிறுத்திவிட்டார்கள். சான்றிதழ் தரவில்லை. ஒரு வாரம் கழித்து என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"சார், பாரத்தப் பத்தி நான் ஒண்ணும் பேச மாட்டேன். ஸ்பீடு இல்லன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க. சவுதிக்குப் போற எடத்துல அதத்தான் பாப்பாங்க."

"பாக்கறேன் காதர்" என்றேன். கடலூர் வழக்கில் 'பாக்கறேன்' என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அவரைத் தேடிப் பரங்கிப்பேட்டைக்குப் போனேன். அதற்குள் அறக்கட்டளை மூடிவிட்டது. ஐந்து வருஷம் ஏன் ஆயிற்று என்று கேட்காதீர்கள். காதர் உறவினரின் ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். மகள் டீ கொண்டுவந்தாள். "வாப்பா இப்ப வண்டியே தொட மாட்டாங்க. சைக்கிள்ல போனாக்கூட, 'ஸ்பீடு, ஸ்பீடு'ன்னு உம்மா கிண்டல் பண்ணுவாங்க" என்று சிரித்தாள். காதரும் சிரித்தார்.

அவள் உள்ளே போனதும் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "நானும் ரொம்ப நாள் யோசிச்சுப் பாத்தேன் சார். எறக்கத்துல கொஞ்சம் வேகமாத்தான் போயிட்டேனோ என்னமோ. எல்லாரும் சொல்றாங்களே, சும்மாவா சொல்லுவாங்க?"

வேகம் நாற்பத்தைந்துதான் காதர், நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் பஸ் ஏறிப் போயிருந்தேன். ஆனால் அவர் அப்படிச் சொன்ன நொடியில் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. டீ நன்றாக இருக்கிறது என்றேன். நான் செய்த முதல் தவறு அறியாமை, இரண்டாவது கோழைத்தனம். இந்த மூன்றாவதற்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

மைதானத்தில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்த அன்றே, வீட்டுக்குப் போகாமல் சிதம்பரம் வழியாகப் பரங்கிப்பேட்டைக்கு பஸ் ஏறினேன். சாலை அகலமாகிவிட்டது. இருபுறமும் இருந்த புளியமரங்கள் இல்லை. நாங்கள் இறங்கிய சரிவு எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. செயலாளர் இறந்து பல வருஷம் ஆகிறது. கோப்புகளைப் பழைய காகிதக்காரர் அள்ளிப்போனார் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். ஸ்டெல்லா எந்த நாட்டில் இருக்கிறார் என்று தெரியாது. ஜவுளிக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. காதரின் வீட்டுக்குப் போகும் சந்து மறந்துபோய், வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"எந்தக் காதரு? இங்க நாலு காதர் இருந்தாங்க" என்றார்.

"டிரைவரா இருந்தாரு. சவுதியில."

"அவரு மௌத்தாயி, அடக்கம் பண்ணி ரெண்டு வருஷமாச்சே. வீட்டயும் வித்துட்டு மவ எங்கியோ மெட்ராஸ் பக்கம் போயிட்டா. அட்ரஸ்லாம் தெரியல." சற்று யோசித்தவர், சரிதானா என்று உறுதி செய்துகொள்ளக் கேட்டார். "ஸ்பீடா ஓட்டி ஆஸ்பத்திரி வண்டியக் கவுத்துட்டாரே, அந்தக் காதரத்தான கேக்கறீங்க?"

"ஆமாங்க, அவருதான்" என்றேன்.