கறுப்பு ஓரத்தில் ஒரு புள்ளி

எல்டன் துசா முப்பத்து நான்கு வருஷமாக அடிபட்ட கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். டொலீடோவில், சில்வேனியா அவென்யூ பட்டறையில் அவன் கை பட்டு வெளியே போன கதவில் கீறல் எங்கே இருந்தது என்று கீறியவனாலேயே காட்ட முடியாது. இன்ஷூரன்ஸ்காரர்கள் குனிந்து பார்ப்பார்கள், நிமிர்ந்து பார்ப்பார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். குறையை மறைப்பதுதான் அவன் பிழைப்பு. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த பைத்தியத்தைப் பாருங்கள். பேஸ்பால் கார்டு, ஆட்டக்காரன் படம் அச்சடித்த உள்ளங்கை அகல அட்டை. அதுவும் சேர்த்துச் சேர்த்து ஷூ பெட்டியில் போட்டு வைக்கிற சாதாரணப் பைத்தியம் இல்லை. கார்டைத் தரம் பார்க்கிற நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். அங்கே முகம் தெரியாத ஒருவர் லென்ஸ் வைத்து நாலு மூலை, நாலு ஓரம், முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் பார்த்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் போட்டு, கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடித் தருவார். குறை இருந்தால் மன்னிப்பு உண்டு, எண் குறையும், அவ்வளவுதான். குறையை மறைத்திருந்தால் எண்ணே கிடையாது. 'மாற்றம் செய்யப்பட்டது' என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். வாரத்தில் ஐந்து நாள் எந்த வேலைக்காகச் சம்பளம் வாங்குகிறானோ, சனிக்கிழமை அதே வேலை குற்றம்.

எல்டன் சேர்ப்பது 1971-ஆம் வருஷத்து டெட்ராய்ட் அணி, முப்பத்தோரு கார்டு. அந்த வருஷத்துக் கார்டுகளுக்குக் கறுப்பு ஓரம். நகம் பட்டால் போதும், கறுப்பு உதிர்ந்து உள்ளே இருக்கும் வெள்ளைக் காகிதம் பல்லைக் காட்டும். அதனால் அந்த வருஷத்துக் கார்டுக்கு எட்டு வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். பதினாறு வருஷம் பாடுபட்டு முப்பது கார்டை எட்டும் அதற்கு மேலுமாகச் சேர்த்துவிட்டான். பாக்கி இருந்தது லைல் குபியாக் ஒருவன்தான்.

குபியாக் பெரிய ஆட்டக்காரன் இல்லை. பந்து பிடிக்கிற கேட்சருக்கு மாற்று ஆள். பாதி வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தவன். சிக்கலும் அதுதான். நட்சத்திர ஆட்டக்காரன் கார்டென்றால் ஆயிரம் பேர் தரம் பார்த்து வைத்திருப்பார்கள், தேடினால் கிடைக்கும். பெஞ்சைத் தேய்த்தவன் கார்டை எவன் மெனக்கெட்டு அனுப்பி வைப்பான்? எட்டு வாங்கிய குபியாக் ஒன்றைக்கூட எல்டன் விற்பனைக்குப் பார்த்ததில்லை. தானே ஒன்றைக் கண்டுபிடித்து, தானே தரம் பார்க்கக் கொடுத்தால்தான் உண்டு.

அந்த ஏப்ரலில், ரோஸ்ஃபர்டில் ஒரு சர்ச் விற்பனையில், பழைய பாத்திரங்களுக்கு அடியில் கிடந்த டப்பாவில் குபியாக் கிடைத்தான். மூலைகள் கூர்மை. படம் அளந்து வைத்தாற்போல் நடுவில். முதுகில் ஒரு கறை இல்லை. கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி, கடுகில் பாதி. அந்தப் புள்ளி இருந்தால் ஆறு. இல்லாவிட்டால் எட்டு.

இப்போது மார்வா பிக்ஃபர்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எழுபத்திரண்டு வயது. கார்டு கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலையில் அங்கே கூடுகிறவர்கள் எட்டுப் பத்துப் பேர். டோனட் தின்றவன் கை கழுவாமல் கண்ணாடி மேஜைப் பக்கம் வரக்கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். வருஷத்துக்கு ஒருமுறை, ஜூலையில், எல்லாரும் தங்கள் நல்ல கார்டுகளை மார்வாவிடம் கொடுப்பார்கள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரே பெட்டியில் அடுக்குவார். க்ளீவ்லாந்து கண்காட்சியில் தரம் பார்க்கிறவர்கள் மேஜை போட்டு நேரிலேயே வாங்கிக்கொள்வார்கள். தபாலில் ஒருமுறை பெட்டி நனைந்து வந்ததிலிருந்து, ஆள் கொண்டுபோவதுதான் வழக்கம். எப்போதும் மார்வாதான் கொண்டுபோவார். அந்த வருஷம் அவருக்கு இடுப்பில் ஆபரேஷன்.

யார் கொண்டுபோவது என்று பேச்சு வந்தபோது கை தூக்கச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. எல்லார் வாயிலும் எல்டன் பெயர்தான் வந்தது. பத்துப் பேர் வாழ்நாளில் பொத்திப் பொத்தி வைத்தது ஒரு பெட்டிக்குள். அதைத் தூக்கிக்கொண்டு போக ஒருவனை நம்புகிறார்கள் என்றால் அதற்கு மேல் அவனுக்கு என்ன பட்டம் வேண்டும்? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எல்டன் தனியாகச் சிரித்துக்கொண்டே போனான்.

அந்த மனுஷன்தான், பெட்டி அடுக்குகிற சனிக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைச் செய்தான். பட்டறையில் யாரும் இல்லை. சாண்ட்விச்சைப் பிரிக்கவே இல்லை. மிக மெல்லிய தூரிகை, பளபளப்பைக் கொன்ற கறுப்பு, நாலு வகை கலந்து பார்த்து எடுத்தது. ஒரு தொடு, ஒரே தொடு. புள்ளி போய்விட்டது. கடுகில் பாதிதானே, பதினாறு வருஷத்துக்குக் கூலியாக இதுகூடக் கூடாதா என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினான். வாதத்தில் ஜெயித்தவன் சாண்ட்விச்சை அப்படியே குப்பையில் போட்டான்.

சனிக்கிழமை காலை கடை நிறைந்திருந்தது. மார்வா ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, விளக்கை இழுத்து, லென்ஸைக் கண்ணில் வைத்து உட்கார்ந்தார். முதலில் க்ளைட்டஸ் கார்டுகள். கண்ணாடித் தொழிற்சாலையில் இருந்து ரிட்டையரானவன், வாய் சும்மா இருக்காது.

"மார்வா, மூச்சு விடாமப் பாருங்க. போன வருஷம் நீங்க தும்மினதுலதான் எனக்கு ஒரு நம்பர் போச்சு."

"உன் கார்டு மூலையெல்லாம் நாய் கடிச்ச மாதிரி இருக்கு. என் தும்மல் என்ன பண்ணும்? பேசாம உக்காரு."

பள்ளிக்கூடத்தில் நர்ஸாக இருக்கும் யோலண்டா அடுத்தது. அவள் கொடுத்ததில் ஒன்று, போன குளிர்காலத்தில் எல்டனிடம் மாற்றிக்கொண்டது, பந்து வீசுகிற பிட்சர் ஒருவனின் பழைய கார்டு. மார்வா பார்த்தார், தலையசைத்தார், பெட்டியில் வைத்தார். பிறகு எல்டனின் குபியாக்.

முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். அப்புறம் கார்டைப் படுக்கை வசத்தில் கண்ணுக்கு நேரே பிடித்து, அதன் தடிமனை, அந்த மெல்லிய விளிம்பைப் பார்த்தார். எல்டனுக்கு அப்போதுதான் புரிந்தது. இரும்பு பெயின்டைக் குடிக்காது. காகிதம் குடிக்கும். மேலே தொட்ட கறுப்பு உள்ளே இறங்கி, வெள்ளை விளிம்பில் ஒரு மயிரிழை மாதிரி நின்றது. முப்பத்து நான்கு வருஷத் தொழில்காரனுக்கு அது தோன்றவில்லை.

மார்வா லென்ஸை இறக்கினார். கார்டை அதன் உறைக்குள் நழுவவிட்டு, பெட்டியில் வைக்காமல் எல்டன் பக்கமாகத் தள்ளினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது இந்த வருஷம் போக வேண்டாம் எல்டன். ஓரத்துல என்னவோ மை பட்டிருக்கு. அந்த சர்ச் டப்பாவுலயே யாராவது பழைய ஆளுங்க கிறுக்கியிருப்பாங்க. உனக்குத் தெரிஞ்சிருக்காது."

தப்பித்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டார். எல்டன் "ஆமா, தெரியல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். கிழவி பார்த்த பார்வையில், தெரிந்துதான் சொல்கிறார் என்பது தெரிந்தது. அவனைக் காப்பாற்றத்தான் சொன்னார். அந்தக் கருணைதான் எல்டனைப் போட்டு உலுக்கியது.

"பழைய ஆளுங்க இல்ல மார்வா," என்றான். தாழ்ந்த குரலில் சொல்ல வரவில்லை, எல்லாருக்கும் கேட்டது. "நான்தான். வியாழக்கிழமை பட்டறைல வெச்சுத் தொட்டேன்."

க்ளைட்டஸ் டோனட்டைக் கீழே வைத்தான். 

"பெயின்ட் போட்டியா?"

"போட்டேன்."

"அப்படின்னா இத்தன வருஷமா எங்கிட்ட மாத்திக் குடுத்தது, வித்தது எல்லாம்?" க்ளைட்டஸின் முகத்தில் கேலி இல்லை. "உன் கை எப்பேர்ப்பட்ட கைன்னு எனக்குத் தெரியும்டா. என் டிரக் கதவையே நீதான் சரி பண்ணே. நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

 இது ஒன்றுதான் என்று எல்டன் சொல்லலாம். ஒன்று செய்தவன் சொல்கிற வார்த்தைக்கு என்ன மதிப்பு? கார் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான். "பெட்டிய வேற யாராவது எடுத்துட்டுப் போங்க. வண்டி வேணும்னா என் வண்டியையே எடுத்துக்குங்க."

யோலண்டா பெட்டிக்குள் கைவிட்டு, எல்டனிடம் வாங்கிய அந்தப் பிட்சர் கார்டை எடுத்து மார்வாவின் முன்னால் வைத்தாள். "இன்னொரு தடவை பாருங்க. நல்லாப் பாருங்க."

மார்வா இரண்டு நிமிஷம் பார்த்தார். நாலு விளிம்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்டன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது சுத்தமான கார்டு என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் நிமிரவில்லை.

"பொறந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு," என்றார் மார்வா. "யாரும் கை வெக்கல."

"போதும்." யோலண்டா அதை வாங்கி மறுபடி பெட்டியில் வைத்தாள். "நாப்பது புள்ளைங்க வயித்துவலின்னு என் ரூமுக்கு வரும், அதுல முப்பது பொய். தானா வந்து பொய்னு ஒத்துக்கிட்ட ஒண்ணக்கூட நான் இதுவரைக்கும் பாக்கல. என்னோடது இவர்கூடத்தான் போகணும்."

க்ளைட்டஸ் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தான். அவன் கோபம் போனதாகத் தெரியவில்லை, பாதிதான் போயிருக்க வேண்டும். சாவியை எடுத்து எல்டனின் சட்டைப் பையில் திணித்தான்.

"மழை வரும்போல இருக்கு. டிக்கில வெக்காத. முன் சீட்ல வெச்சு பெல்ட் போடு. எங்கயாவது இடிச்சே, நீயே பெயின்ட் அடிச்சாலும் நான் விடமாட்டேன்."

யாரோ சிரித்தார்கள். மார்வா மிச்சப் பேர் கார்டுகளையும் பார்த்து அடுக்கி, மூடியை வைத்து டேப் ஒட்டினார். எல்டன் குபியாக்கின் உறைமேல் பேனாவால் 'கறுப்பு பூசியது, பூசியவன் எல்டன் துசா' என்று எழுதி, மார்வாவிடமே கொடுத்தான். தான் செத்த பிறகு அது யார் கைக்கோ போய் ஒருவனை ஏமாற்றிவிடக் கூடாது.  மார்வா அவன் புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, நேரமாச்சு கிளம்பு என்றார்.

க்ளீவ்லாந்து வரைக்கும் எல்டன் மணிக்கு அறுபது மைல் வேகத்துக்கு மேல் ஓட்டவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர்கள் அவனைத் திட்டியிருப்பார்கள். கண்காட்சியில் வரிசை நீளம். கடைசியில் மேஜைக்கு வந்தபோது, அங்கிருந்த பெண் பெட்டியைத் திறந்து எண்ணி, நூற்றுப் பன்னிரண்டு கார்டு என்று சொல்லி, ஒரு தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். கொண்டுவந்தவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள். இந்தக் கார்டுகள் எதிலும் வெட்டோ, பூச்சோ, வேறு மாற்றமோ செய்யப்படவில்லை என்று எனக்குத் தெரிந்தவரை உறுதி கூறுகிறேன், என்றிருந்தது.

எல்டன் அந்த வரியை இரண்டு முறை படித்தான். அந்தக் கிழவியின் கண்ணில் படாமல் குபியாக் தப்பியிருந்தால், இதே தாளில், க்ளைட்டஸ் பெயரையும் யோலண்டா பெயரையும் முதுகில் சுமந்துகொண்டு, பொய்க் கையெழுத்துப் போட்டிருப்பான். எட்டும் வாங்கியிருப்பான்.

"என்ன சார், பேனா எழுதலையா?" என்றாள் அந்தப் பெண்.

"எழுதுதும்மா," என்றான் எல்டன். முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினான்.