ஓடவில்லை என்று வந்த ஃபேன்

டேபிள் ஃபேன் செய்கிற அந்தக் கம்பெனியில் அவளை எல்லோரும் 'ரிட்டர்ன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். திரும்பி வருகிற ஃபேனெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். முன்பு பெட்டி வந்த கையோடு ஃபேனைப் பிரித்து, செம்புக் கம்பியை உருவிக்கொண்டு, மிச்சத்தைக் குப்பையில் கொட்டிவிடுவார்கள். அதில் பாதி நல்ல ஃபேன். பிளக்கைச் சரியாகச் செருகாமலே திருப்பி அனுப்பிய மகராசர்களும் உண்டு. வயிறெரிந்துபோய் அவள் மேனேஜரை விடாமல் நச்சரித்தாள். முதலில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், பிறகு வாங்கியவரைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்க வேண்டும், அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர். "சரிம்மா, நீயே பேசு" என்று அவர் அந்த வேலையை அவள் தலையிலேயே கட்டினார்.

"ஃபேனுக்கெல்லாம் நலம் விசாரிக்கிற ஒரே ஆளு நீதான்க்கா" என்று தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். அது ஒரு காலம். அம்மா ஆஸ்பத்திரியில் கண்மூடியபோது வெளியூரிலிருந்த தங்கை வந்து சேரவில்லை. எல்லாம் முடிந்தபின் பையோடு வாசலில் வந்து நின்றவளிடம், "இப்ப எதுக்கு வந்த?" என்று கேட்டுவிட்டாள் அக்கா. வந்தவள் பையைக் கீழேகூட வைக்காமல் திரும்பிப் போனாள். பஸ் கிடைக்காமல் அவள் அல்லாடியது பிறகுதான் தெரிந்தது.

ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் தேனொழுகப் பேசுகிறவளுக்கு அந்த ஒரு எண்ணை அழுத்த விரல் வரவில்லை. பாழாய்ப்போன வீம்பு. ஏக்கம் மட்டும் குறையவில்லை. தங்கையும் அவளுமாகப் படுத்த கட்டிலில் இன்னமும் ஓரமாகவே படுக்கிறாள்.

அன்று வந்த பெட்டியில் 'ஓடவில்லை' என்று எழுதியிருந்தது. கீழே தங்கையின் முகவரி, போன் எண். அக்கா பிளக்கைச் செருகினாள். ஃபேன் ஜம்மென்று ஓடியது. இனி கூப்பிட்டாக வேண்டும், அவளே கொண்டுவந்த சட்டம். பக்கத்து மேசைக்காரியிடம் தள்ளிவிடலாமா என்றுகூட யோசித்தாள். மனசு கேட்கவில்லை.

"ஃபேன் கம்பெனியிலேருந்து பேசறோம்" என்றாள். "உங்க ஃபேன் நல்லாத்தான் ஓடுது. என்ன பிரச்சனைன்னு..."

"நல்லா ஓடும்னு எனக்குத் தெரியாதாக்கா?" என்றாள் தங்கை. "திருப்பி அனுப்பினா நீ கூப்பிட்டுத்தானே ஆகணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்ட அக்காவுக்கு, எல்லோரிடமும் வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்க முடிந்தது.

"கூரியர்ல அனுப்பவா?"

"வேணாம். நீயே எடுத்துட்டு வா."