அப்பா அடுப்பெரித்த பதினோரு வீடுகள்

அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. திதிக்கு வரும் உங்கள் கையில் கொடுக்கும் இந்த நினைவு மலரில் மூத்த மகள் நான்தான் எழுதவேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். எழுதத் தெம்பில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அப்பா லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அட்டனில் துணிக்கடை வேலைக்கு வந்தவருக்கு, யார் வீடு மாறுகிறார்கள், யாருக்கு வீடு வேண்டும் என்பதெல்லாம் துணி கிழிக்கும்போதே காதில் விழுந்தது. இலங்கை சுதந்திரம் அடைந்த வருடம், சிங்களவரான குணதாச மாமாவுடன் கூட்டுச் சேர்ந்து, அதே கடையின் மாடியில் வீடு, காணி புரோக்கர் கந்தோர் தொடங்கினார். இரண்டு மேசை, ஒரு குடை, எந்த வீட்டில் யார், எது காலி என்று எழுதிவைக்க ஒரு கொப்பி. அவ்வளவுதான் கந்தோர்.

அட்டன் மழையில் அடுப்பெரியாத வீடு ஒரே மாதத்தில் பச்சைப் பாசி பிடித்துவிடும். வீட்டுக்காரர்களோ கொழும்பில். அதனால் வாடகைக்கு ஆள் கிடைக்கும்வரை அப்பா எங்களையே அங்கே இருத்தி அடுப்பெரிக்க வைப்பார். ஆள் வந்ததும் நாங்கள் அடுத்த காலி வீட்டுக்கு மூட்டை கட்டுவோம். இப்படிப் பதினோரு வீடுகள். வந்தவர்களுக்கெல்லாம் காய்ந்த வீடு, எங்களுக்கு எப்போதும் ஈரச் சுவர். அந்தச் சுவரிலும் ஓர் ஆணி அடிக்க விடமாட்டார். சாமி படம் தரையில்தான் சாய்ந்திருக்கும்.

இங்கேயே பிறந்திருந்தாலும் புதுச் சட்டப்படி தோட்டத் தமிழர்கள் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டபோது, தொடர்ந்து குடியிருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். தாம் குடிவைத்த அத்தனை பேருக்கும் அப்பா கடிதம் எழுதிக் கொடுத்தார். பலருக்கு உரிமை கிடைத்தது. எங்கள் முறை வந்தபோது, "நான் ஒரு கடுதாசி எழுதித் தாறேன்" என்றார் குணதாச மாமா.

"எதுக்கு? நம்ம கொப்பிதான் இருக்கே" என்றார் அப்பா. அந்தக் கொப்பிமேல் அவருக்கு அவ்வளவு பெருமை.

விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் கொப்பியைப் புரட்டினார். "எல்லா வீட்டுக்கும் நேரா 'காலி'ன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"அந்தக் காலி வீட்டுலதாங்க இருந்தோம்."

மனு தள்ளுபடியானது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் இரண்டு வாரம் அப்பாவோடு பேசவில்லை. அதை இங்கே சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

பிறகு இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் ஒப்பந்தம் செய்தன. உரிமை கிடைக்காத எங்களைப் போன்றவர்களை இந்தியாவுக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு. அப்பா இந்தியாவைப் பார்த்ததே இல்லை. "அங்க எந்த வீடு காலின்னு எனக்கென்ன தெரியும் பாப்பா?" என்றார். அதோடு இருமல் பிடித்தது. பதினோராவது வீட்டில் படுத்தார்.

அந்த வீட்டுக்கு வாடகை பேசியிருந்த றொசல்ல ஸ்டேஷன் ரயில்வே ஊழியர், குடும்பத்தோடும் சாமான்களோடும் ஒரு காலையில் வந்து இறங்கினார். படுத்திருந்த அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். "சாவிய எடு பாப்பா, அவங்க வந்துட்டாங்க."

"படுங்கய்யா. நீங்க எந்திரிச்சப்புறம் நாங்க வாறோம்" என்று அவர் சாமான்களோடு திரும்பிப் போனார். ஒன்பதாம் நாள் அப்பா கண்ணை மூடினார்.

அன்று திரும்பிப்போன அந்தக் குடும்பத்துக்கும், கந்தோரைப் பூட்டிவிட்டு வந்து பாடைக்கு முன்தோள் கொடுத்த குணதாச மாமாவுக்கும், வட்டகொடையிலிருந்து மழையில் நனைந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் கும்பிடு. நன்றி என்பது சின்ன வார்த்தை. இப்போதைக்கு எங்களிடம் அதுதான் இருக்கிறது.

காரியம் முடிந்த மறுநாள் குணதாச மாமா கொப்பியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். கடைசி வீட்டுக்கு நேராகவும் அப்பாவின் கையெழுத்தில் 'காலி' என்றே இருந்தது. அதை வெட்டிவிட்டு, 'அப்பா குடியிருந்தார்' என்று எழுதினேன். முந்திய பத்து வீடுகளுக்கும் அப்படியே எழுதினேன். இது எந்தக் கந்தோரிலும் செல்லாது என்று எனக்கும் தெரியும், குணதாச மாமாவுக்கும் தெரியும். ஆனாலும் அவர் பேனாவை வாங்கி, ஒவ்வொரு வரிக்குக் கீழும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.